மேடம், ஹேண்டுக்கு எத்தனை அர்த்தம்?

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்கப் பாடம் நடத்தச் சொன்னால் நான் ‘ஹேண்ட்’ என்ற சொல்லைத்தான் எடுப்பேன். மாலை நேரங்களில் இணையவழியில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வேலைக்குப் போகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், ஓய்வு பெற்றபின் ஆசையாகப் படிக்க வந்தவர்கள் என்று எல்லா வயதிலும் இருக்கிறார்கள். ‘ஹேண்ட்’ தெரியாதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. ஹெட், ஹேண்ட், லெக் என்று தொட்டுத் தொட்டுச் சொன்ன வயதிலிருந்தே தெரியும். அதனாலேயே அதை யாரும் அகராதியில் தேடுவதில்லை. தெரியாத சொல் வந்தால் நின்று பார்ப்போம், தெரிந்த சொல் வந்தால் தாண்டிப் போய்விடுவோம். வகுப்பில் பலரும் சிக்கிக்கொள்வது இந்த மாதிரி தெரிந்த சொற்களில்தான்.

ஹேண்ட் வருகிற மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியல் பரீட்சைவரை நிற்கும், பேசும்போது வாயில் வராது. நான் வகுப்பில் சொல்வது வேறு. உங்கள் கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். அது என்னென்ன செய்கிறது? பிடிக்கிறது, விடுகிறது, கொடுக்கிறது, வாங்குகிறது, எழுதுகிறது, சுட்டிக் காட்டுகிறது, உழைக்கிறது. ஹேண்ட் வருகிற எந்தத் தொடரும் அனேகமாக இந்த வேலைகளில் ஒன்றிலிருந்துதான் கிளம்பியிருக்கும். எந்த வேலை என்று பிடித்துவிட்டால் பொருள் பின்னாலேயே வந்துவிடும்.

அதற்கு முன்னால், ஹேண்ட் எங்கே முடிகிறது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் கை என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். முன்கை, முழங்கை, உள்ளங்கை, புறங்கை எல்லாம் அந்த ஒரே கையின் பாகங்கள். ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை. மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் ஹேண்ட், அந்தப் பக்கம் ‘ஆர்ம்’. நடுவில் இருக்கும் மணிக்கட்டு ‘ரிஸ்ட்’. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ‘ஃபோர்ஆர்ம்’, முழங்கைக்கு மேலே ‘அப்பர் ஆர்ம்’. காலிலும் இதே கதைதான். நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் கால். அவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே ‘லெக்’, கீழே ‘ஃபுட்’.

இது வெறும் நுணுக்கம் இல்லை. என்னிடம் படித்த ஒரு செவிலியர் சொன்னது இது. வலது கையில் வலி என்று ஒரு நோயாளி சொல்ல, அவர் குறிப்பில் ‘பெயின் இன் த ரைட் ஹேண்ட்’ என்று எழுதியிருக்கிறார். தமிழ் தெரியாத மருத்துவர் வந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார், உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார், மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தார். நோயாளி எல்லாவற்றுக்கும் வலி இல்லை என்றே தலையாட்டினார். வலி இருந்தது தோளுக்குச் சற்றுக் கீழே. “நோயாளி சொன்னதைத்தானே மேடம் எழுதினேன்” என்று அந்தச் செவிலியர் கேட்டது நியாயம்தான். கை என்று எழுத வேண்டிய இடத்தில் கை என்றுதான் எழுதினார். ஆங்கிலத்தில் கை இரண்டாக இருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் புது வகுப்பிலும் முதலில் மணிக்கட்டில் ஒரு கோடு போடச் சொல்கிறேன்.

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் நிறைய விஷயம் தெளிவாகும். மாடிப்படியில் பிடித்துக்கொண்டு ஏறுவது ‘ஹேண்ட்ரெயில்’, ஏனென்றால் அதை விரல்கள் பிடிக்கின்றன. நாற்காலியில் சாய்ந்து வைத்துக்கொள்வது ‘ஆர்ம்ரெஸ்ட்’, ஏனென்றால் அதில் முன்கை படுத்துக்கொள்கிறது. இரண்டு பேர் விரல் கோத்து நடந்தால் ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’. ஒருவர் முழங்கை மடிப்புக்குள் மற்றவர் கையை நுழைத்து நடந்தால் ‘ஆர்ம் இன் ஆர்ம்’. தமிழில் இரண்டையும் கைகோத்து நடந்தார்கள் என்றே சொல்லிவிடலாம். ஒருவரை எட்ட நிறுத்துவதற்கு ‘அட் ஆர்ம்ஸ் லெங்த்’ என்கிறார்கள். நீட்டிய கையின் முழு நீளமும் அங்கே வேண்டும், அதனால் ஹேண்ட் போதாது. ஆயுதம் என்ற பொருளில் வருகிற ‘ஆர்ம்ஸ்’ மட்டும் இந்தக் குடும்பத்தில் நேராகச் சேராது. அது லத்தீனில் ஆயுதத்தைக் குறித்த ‘அர்மா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

அடுத்ததாக நான் நேரம் எடுத்துக்கொள்வது ஒரு சின்ன எழுத்துக்கு. ‘கிவ் மீ எ ஹேண்ட்’ என்பதில் உள்ள அந்த ‘எ’.

“கிவ் மீ எ ஹேண்ட்” என்றால் கொஞ்சம் உதவி செய்யுங்கள். “கிவ் மீ யுவர் ஹேண்ட்” என்றால் உங்கள் கையை நீட்டுங்கள், பிடித்துக்கொள்கிறேன். பள்ளத்தில் நிற்பவரை மேலே தூக்கும்போது சொல்வது இரண்டாவது. மேசையை நகர்த்தக் கூப்பிடும்போது சொல்வது முதலாவது. “கிவ் ஹிம் எ ஹேண்ட்” என்று மேடையில் ஒருவர் சொன்னால் அது உதவியே இல்லை, கைதட்டல். ‘எ பிக் ஹேண்ட்’ என்று பெரிதாக்கிச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், கைதட்டல்தான். ‘ஹேண்ட்’ வினைச்சொல்லாக மாறி “ஹேண்ட் மீ தட் புக்” என்று வந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடு என்று பொருள். ‘ஆஸ்க் ஃபார் ஹெர் ஹேண்ட்’ என்பது பெண் கேட்பது. நாமும் கைப்பிடித்தான் என்று கல்யாணத்தைச் சொல்கிறோமே, அந்தப் பிடிதான் அங்கேயும்.

வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, ‘நீட் எ ஹேண்ட்?’ என்று ஒருத்தர் கேட்டால் என்ன பதில் சொல்வது?” உதவி வேண்டுமென்றால் “யெஸ் ப்ளீஸ்”, வேண்டாமென்றால் “ஐ கேன் மேனேஜ், தேங்க்ஸ்”. ‘மேனேஜ்’ என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயும் ஒரு கை ஒளிந்திருக்கிறது. லத்தீனில் கைக்கு ‘மனுஸ்’ என்று பெயர். இத்தாலியில் குதிரையைக் கையால் பழக்குவதைச் சொல்லி வந்த சொல் ஆங்கிலத்துக்கு வந்து மேனேஜ் ஆனது. கையால் எழுதியது ‘மேனுஸ்கிரிப்ட்’. கையால் செய்வது என்றுதான் ‘மேனுஃபேக்சர்’ தொடங்கியது. இன்றைக்கு இயந்திரம் செய்தாலும் பெயர் மாறவில்லை. அறுவை மருத்துவரைக் குறிக்கும் ‘சர்ஜன்’ கிரேக்கத்தில் கைவேலை என்று பொருள்படும் சொல்லின் வழியில் வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் வரலாறு அது. சரி, கிளை பிரிந்து போகிறது, ஹேண்டுக்கே வருகிறேன்.

எல்லோரையும் அதிகமாகக் குழப்புவது ஹேண்டுக்கு முன்னால் வருகிற சின்னச் சொற்கள்தான். இன், ஆன், அட், அவுட் ஆஃப், ஆஃப், பை. இங்கேதான் கையை நிஜமாகவே நீட்டிக்கொண்டு படிக்க வேண்டும்.

‘இன்’ என்றால் கைக்குள். விரல்களை மடக்கிப் பிடித்திருக்கிறீர்கள், அதனால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ‘எவ்ரிதிங் இஸ் இன் ஹேண்ட்’ என்றால் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. ‘கேஷ் இன் ஹேண்ட்’ என்றால் கையிருப்பு. ‘இன் குட் ஹேண்ட்ஸ்’ என்றால் பொறுப்பானவரிடம்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பத்திடம் சொல்லத்தக்க தொடர் அது.

‘அட்’ என்றால் கைக்குப் பக்கத்தில். பிடித்திருக்க வேண்டியதில்லை, எட்டினால் போதும். ‘கீப் த மெடிசின் அட் ஹேண்ட்’ என்றால் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வை. நேரத்துக்கும் இது பொருந்தும். ‘த எக்ஸாம்ஸ் ஆர் அட் ஹேண்ட்’ என்றால் பரீட்சை நெருங்கிவிட்டது. ‘ஆன் ஹேண்ட்’ என்பதும் இதற்கு அருகில்தான், ஆனால் அதில் தேவைப்பட்டால் உடனே கிடைக்கும் என்ற அர்த்தம் கூடுதலாக இருக்கும். ‘எ டாக்டர் இஸ் ஆன் ஹேண்ட்’ என்றால் மருத்துவர் கூப்பிட்டால் வரும்படி அங்கேயே இருக்கிறார். நம் கைவசம் என்ற சொல் இதற்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் மனிதர்களுக்கு அதைப் போட முடியாது.

இப்போது அதே ‘ஆன்’னோடு ஹேண்டைப் பன்மையாக்கி, யாருடைய கை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ‘ஆன் மை ஹேண்ட்ஸ்’. பொருள் தலைகீழாகிவிடும். விரித்த கைகளின் மேல் யாரோ எதையோ இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி. நீங்கள் கேட்டு வாங்கவில்லை, கீழே போடவும் முடியவில்லை. ‘ஐ ஹேவ் எ ப்ராப்ளம் ஆன் மை ஹேண்ட்ஸ்’ என்றால் ஒரு பிரச்சினை என் தலையில் விழுந்திருக்கிறது. பாருங்கள், தமிழில் சுமை தலைக்குப் போகிறது, ஆங்கிலத்தில் கையிலேயே நிற்கிறது. அதை யாராவது வாங்கிக்கொண்டால் ‘ஆஃப் மை ஹேண்ட்ஸ்’, அப்பாடா என்று ஒரு மூச்சு.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். என்னைவிட ரொம்ப மூத்தவர், அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேட்ட கேள்வி வகுப்பையே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டது. “மேடம், ‘ஐ ஹேவ் டைம் ஆன் மை ஹேண்ட்ஸ்’ என்று ஒருவர் சொன்னால் அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா?”

நல்ல கேள்வி. ‘ஐ ஹேவ் டைம்’ என்றால் எனக்கு நேரம் இருக்கிறது, வாருங்கள் பேசலாம். ‘டைம் ஆன் மை ஹேண்ட்ஸ்’ என்றால் நேரம் மிஞ்சிக் கிடக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல்கிறவர் சிரித்துக்கொண்டு சொல்லலாம், ஆனாலும் அந்த ‘ஆன்’னில் ஒரு பாரம் இருக்கிறது. அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் இந்த வகுப்பில் சேரும்வரை எனக்கு அதுதான் இருந்தது” என்றார். அன்றைக்கு நான் கொடுத்த எந்த விளக்கத்தையும்விட அந்த ஒரு வாக்கியம் மற்றவர்கள் மனதில் நன்றாகப் பதிந்தது.

‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ‘கெட் அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்றால் கைமீறிப் போவது. கடிவாளம் கையிலிருந்து நழுவினால் குதிரை எப்படிப் போகுமோ அப்படி. இது எல்லோருக்கும் உடனே புரியும். ஆனால் ‘ஹி ரிஜெக்டட் இட் அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்று வந்தால் கைமீறி மறுத்தான் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. யோசிக்கவே இல்லாமல் அந்த இடத்திலேயே மறுத்துவிட்டான் என்று பொருள். கேட்டதும் கையிலிருந்து பதில் போய்விட்டது. இதைப் புரியவைக்க எனக்குத் தமிழே உதவி செய்கிறது. “அந்த வேலையைக் கையோடு முடித்துவிட்டு வா” என்கிறோம், “கைமேல் பலன்” என்கிறோம். இரண்டிலும் கை என்பது உடனே என்ற அர்த்தத்தில்தான் நிற்கிறது. கையிலிருக்கும்போதே, இடைவெளி விடாமல்.

‘ஹேண்ட்’ வினைச்சொல்லாகி வருகிற சேர்க்கைகள் அவ்வளவு சிரமம் தருவதில்லை. ஹேண்ட் இன் என்றால் உரியவரிடம் சமர்ப்பிப்பது, ஹேண்ட் அவுட் என்றால் ஆளுக்கொன்றாகக் கொடுப்பது, ஹேண்ட் ஓவர் என்றால் ஒப்படைப்பது. ஹேண்ட் டவுன் மட்டும் கவனிக்க வேண்டியது. பாட்டி அம்மாவுக்கும் அம்மா மகளுக்கும் கொடுப்பதும் ஹேண்ட் டவுன், நீதிபதி தீர்ப்பு வழங்குவதும் ஹேண்ட் டவுன். இரண்டிலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் தருகிறார், அதைப் பார்த்துவிட்டால் போதும்.

இனி ஹேண்ட் ஒரு முழு மனிதராகவே ஆகிவிடுகிற இடம்.

வணிகக் கப்பலில் பயிற்சிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் கடல் சம்பந்தமான ஆங்கிலத்தை மட்டும் தனியாகச் சொல்லித் தரக் கேட்டான். ‘ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்’ என்ற தொடரைப் பார்த்துவிட்டு, எல்லோரும் மேல்தளத்தில் கையை ஊன்ற வேண்டுமா என்று கேட்டான். அங்கே ஹேண்ட் என்பது கப்பலில் வேலை செய்கிற ஒவ்வொரு ஆளும். மாலுமிகள் அனைவரும் மேல்தளத்துக்கு வாருங்கள் என்ற கட்டளை அது. இன்று அலுவலகங்களிலும் அவசர வேலை வந்தால் இதைச் சொல்கிறார்கள். அதே கப்பல் மொழியில் ‘லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்’ என்று இன்னொரு தொடர் உண்டு. கப்பல் மூழ்கியது, ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று பொருள். செய்தி வாசிக்கும்போது இதைக் கைகள் என்று நினைத்துத் தாண்டிப் போனால் அங்கே எத்தனை உயிர் போயிற்று என்பதையே தாண்டிப் போகிறோம். அதனால் இந்தத் தொடரை நான் எந்த வகுப்பிலும் விடுவதில்லை.

பண்ணையில் ‘ஃபார்ம்ஹேண்ட்’, நாடக மேடைக்குப் பின்னால் ‘ஸ்டேஜ்ஹேண்ட்’, கப்பலில் ‘டெக்ஹேண்ட்’. கூலிக்கு அமர்த்தியவர் ‘ஹயர்ட் ஹேண்ட்’. பழுத்த அனுபவசாலி ‘ஓல்ட் ஹேண்ட்’, அங்கே வயது முக்கியமில்லை, பழக்கம்தான் முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களை முதலாளிகள் ‘ஹேண்ட்ஸ்’ என்றே சொன்னார்கள். ஆலைக்கு இத்தனை ஹேண்ட்ஸ் தேவை என்று கணக்குப் போட்டார்கள். கப்பலில் எல்லோரும் சேர்ந்து கயிற்றைப் பிடிக்கும்போது வருகிற ஹேண்ட்ஸும், ஆலைக் கணக்கில் வருகிற ஹேண்ட்ஸும் எழுத்தில் ஒன்றுதான். எனக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்பதில்லை. இரண்டாவதில் மனிதரின் மற்ற பாகமெல்லாம் கணக்கிலிருந்து விடுபட்டிருக்கிறது. தமிழிலும் கை ஆளாக மாறும். சீட்டாட்டத்தில் ஒருவர் வராவிட்டால் ஒரு கை குறைகிறது என்போம். அதே சீட்டாட்டத்தில் ஆங்கிலம் இன்னொரு படி போய், ஒருவர் கையில் விரித்துப் பிடித்திருக்கும் சீட்டுகளையே ‘ஹேண்ட்’ என்கிறது. ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்று யாராவது சொன்னால் உள்ளங்கையைக் காட்ட வேண்டாம், மனதில் வைத்திருக்கும் திட்டத்தை வெளியே சொல்ல வேண்டும்.

தமிழும் ஆங்கிலமும் கையும் கையும் வைத்தாற்போல ஒத்துப்போகிற இடங்கள் நிறைய. ‘அப்பர் ஹேண்ட்’ என்றால் நம் கை ஓங்கியிருப்பது. ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்’ என்றால் என் கை கட்டப்பட்டிருக்கிறது. ‘ஹேண்ட் டு மவுத்’ என்றால் சம்பாத்தியம் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது. ‘ரெட் ஹேண்டட்’ என்றால் கையும் களவுமாக. ரெட் என்ன என்று கேட்பார்கள். ரத்தச் சிவப்புதான். 15ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் கொலை செய்த கையில் ரத்தம் காயாமல் பிடிபட்டவரைக் குறித்த சொல் அது. இன்று பணப்பெட்டியைத் திறக்கும்போது பிடிபட்டவருக்கும் அதே சொல்தான். ‘ஐ வாஷ் மை ஹேண்ட்ஸ் ஆஃப் இட்’ என்பது பைபிளில் ரோமானிய ஆளுநர் பிலாத்து கூட்டத்தின் முன் கை கழுவிய இடத்தை நினைவுபடுத்துவது. இனி இதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்வது. நாம் ஒருவரைக் கைகழுவிவிட்டார்கள் என்று சொல்லும்போது கொஞ்சம் மாறும். ஆங்கிலத்தில் பொறுப்பைக் கழுவுகிறார்கள், தமிழில் ஆளையே கழுவிவிடுகிறோம். அதனால் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும்போது நிதானம் வேண்டும்.

ஒத்துப்போகாதவற்றில்தான் ஆபத்து. அவனுக்குக் கை நீளம் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘ஹிஸ் ஹேண்ட் இஸ் லாங்’ என்று சொன்னால் கேட்கிறவர் அவன் கையை ஏறிட்டுப் பார்ப்பார். திருட்டுக்கு ஆங்கிலம் கையை விட்டு விரலுக்குப் போகிறது, ‘லைட் ஃபிங்கர்ட்’ அல்லது ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’. ‘லாங்ஹேண்ட்’ என்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது சுருக்கெழுத்துக்கு எதிரான சாதாரணக் கையெழுத்து. சுருக்கெழுத்து ‘ஷார்ட்ஹேண்ட்’. கையெழுத்து என்று நாம் சொல்வதும் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். எழுத்தின் அழகு ‘ஹேண்ட்ரைட்டிங்’, கடைசியில் போடுவது ‘சிக்னேச்சர்’. உங்கள் கையெழுத்து வேண்டும் என்பதற்கு ‘ஐ நீட் யுவர் ஹேண்ட்ரைட்டிங்’ என்று ஒருவர் எழுதிய மின்னஞ்சலை நான் திருத்தியிருக்கிறேன். கைராசிக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. செடி வைத்தால் தழைக்கிற கைக்கு மட்டும் ‘கிரீன் ஃபிங்கர்ஸ்’ என்றும், அமெரிக்காவில் ‘கிரீன் தம்ப்’ என்றும் சொல்கிறார்கள்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்த ஜோடி ஒன்று உண்டு. நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தமிழில் உள்ளங்கை நெல்லிக்கனி என்கிறோம். ஆங்கிலத்தில் ‘லைக் த பேக் ஆஃப் மை ஹேண்ட்’ என்கிறார்கள். நாம் கையை மலர்த்திக் காட்டுகிறோம், அவர்கள் கவிழ்த்துக் காட்டுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் சரி. உள்ளங்கையில் இருப்பதில் மறைவு கிடையாது. புறங்கையோ எழுதும்போதும் வேலை செய்யும்போதும் நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது. ஒன்று தெளிவைச் சொல்கிறது, மற்றது பழக்கத்தைச் சொல்கிறது. அதனால் ஒரு ஊரின் தெருக்களெல்லாம் அத்துப்படி என்பதற்கு ‘பேக் ஆஃப் மை ஹேண்ட்’ பொருந்தும். ஒரு கணக்கின் விடை பளிச்சென்று புரிந்துவிட்டது என்பதற்குப் பொருந்தாது.

கடிகாரத்தில் நமக்கு முள், அவர்களுக்கு ஹேண்ட். சுட்டிக் காட்டுகிற கை. ஆரம்பகால இயந்திரக் கடிகாரங்களில் மணி காட்டும் ஒரு கைதான் இருந்தது. 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுவந்து நேரம் துல்லியமான பிறகுதான் நிமிட முள் பரவலாயிற்று. விநாடி முள் ‘செகண்ட் ஹேண்ட்’. பழைய பொருளும் ‘செகண்ட் ஹேண்ட்’. பேச்சில் வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது. முள்ளுக்கு ‘செகண்ட்’டில் அழுத்தம், பழைய பொருளுக்கு ‘ஹேண்ட்’டில் அழுத்தம். குதிரையின் உயரத்தையும் ஹேண்டில்தான் அளக்கிறார்கள், ஒரு ஹேண்ட் என்பது 4 அங்குலம். 14.2 என்று எழுதியிருந்தால் அது தசமம் இல்லை, 14 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம். 14.3க்கு அடுத்தது 15.

உச்சரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஹேண்ட்சம்’ என்பதில் அந்த ‘ட்’ வெளியே வராது, ஹேன்சம்தான். ‘ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று எழுத்துக்கூட்டினாலும் வாயில் ஹேங்கர்ச்சிஃப். ஹேண்ட்சம் முதலில் அழகைக் குறிக்கவில்லை, கையாள எளிதானது என்பதுதான் அதன் பழைய பொருள். கைக்கு அடக்கமானது பிறகு பொருத்தமானதாகி, அதற்கும் பிறகு அழகானதாயிற்று. கர்ச்சீஃப் பழைய பிரெஞ்சில் தலையை மூடும் துணி. தலைத்துணி கைக்கு வந்தபோது முன்னால் ஒரு ஹேண்டை மட்டும் ஒட்டிக்கொண்டார்கள். தலை அப்படியே உள்ளே தங்கிவிட்டது.

பந்தயக் குதிரைக்காரன் வெற்றி உறுதி என்று தெரிந்ததும் கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைத் தாழ்த்துவான். அதிலிருந்து ‘வின் ஹேண்ட்ஸ் டவுன்’, சுலபமான வெற்றி. மாலுமி கயிற்றில் ஒரு கைக்கு மேல் மறு கை வைத்து விறுவிறுவென்று ஏறுவான். அதிலிருந்து ‘ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்’, இன்று பெரும்பாலும் பணம் வேகமாகக் குவிவதற்கு. இரண்டையும் கையால் ஒருமுறை நடித்துக் காட்டினால் போதும், விளக்கமே தேவையில்லை.

கடைசியாக, மனம் வருந்திச் சொல்ல வேண்டிய ஒன்று. ‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. போரில் உடல் பாதிக்கப்பட்ட வீரர்கள் தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுக்க அரசர் ஒருவர் அனுமதி கொடுத்தாராம், அதனால் ஹேண்ட், கேப் என்று ஆயிற்றாம். உருக்கமான கதை, அதனாலேயே வேகமாகப் பரவுகிறது. ஆனால் உண்மை இல்லை. அந்தச் சொல் பிறந்தது ஒரு பண்டமாற்று விளையாட்டில். இரண்டு பேர் பொருள் மாற்றிக்கொள்ள விரும்புவார்கள். மூன்றாமவர் நடுவராக இருந்து, மதிப்புக் குறைந்த பொருளோடு எவ்வளவு பணம் சேர்த்துத் தர வேண்டும் என்று சொல்வார். மூவரும் தொப்பியில் கொஞ்சம் பணம் போடுவார்கள். பிறகு இருவரும் தொப்பிக்குள் கை விட்டு எடுப்பார்கள். கை எப்படி வெளியே வருகிறது என்பதுதான் சம்மதமா இல்லையா என்பதற்கு அடையாளம். இருவர் முடிவும் ஒன்றானால் பணம் நடுவருக்கு, முடிவு வேறுபட்டால் சம்மதித்தவருக்கு. ‘ஹேண்ட் இன் கேப்’. 1660ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் இந்த விளையாட்டைக் குறிப்பிட்டிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் இது குதிரைப் பந்தயத்துக்குப் போனது, வேகமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிப் போட்டியைச் சமமாக்கினார்கள். உடல் குறைபாடு என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டது.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் இப்போது ‘டிசேபில்ட்’ அல்லது ‘பெர்சன் வித் எ டிசெபிலிட்டி’ என்பதே மரியாதையான வழக்கு. ஹேண்டிகேப் இன்றும் கோல்ஃபிலும் குதிரைப் பந்தயத்திலும் அதன் பழைய இடத்தில் தாராளமாக இருக்கிறது, அங்கே அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. என் வகுப்பில் ஒரு கையின் மூன்று விரல்களை இயந்திரத்தில் இழந்த ஒருவர் படித்தார். அந்தப் பிச்சைக் கதை எங்கள் வகுப்புக் குழுவில் வந்தபோது அவர் எதுவும் எழுதவில்லை, நாலைந்து நாள் வகுப்புக்கும் வரவில்லை. அவர் திரும்பி வந்த அன்று முதல் வேலையாக இந்தத் தொப்பி விளையாட்டைத்தான் நடத்தினேன். அவரை நடுவராக உட்கார வைத்தோம், ஒருவர் பேனாவையும் இன்னொருவர் பழைய கைக்கடிகாரத்தையும் திரைக்கு முன்னால் பிடித்துக் காட்டினார்கள். அவர் கறாராகப் பேரம் பேசி விலை வித்தியாசத்தைச் சொன்னார், அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். அந்தக் கதை உங்கள் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள்.